உசுருள்ள சதை

துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது, நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அது தானாகப் பிடியை விடும்வரை வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், வேறு எதையாவது நினைப்பதில் துளசிமணிக்கு என்றைக்குமே சிரமம் இருந்ததில்லை. மூடியில் ஓட்டை போட்ட சலைன் பாட்டிலை மெல்ல அழுத்தினாள். தண்ணீர் நூலாக இறங்கி மாமனாரின் கால் கட்டைவிரலைச் சுற்றியிருந்த துணிக்குள் போனது. துணி முதலில் குடித்தது, பிறகு போதும் என்பதுபோல வழியவிட்டது, கீழே வைத்த பேசினில் சொட்டுச் சொட்டாகச் சத்தம். காலை வெயில் தோட்டத்து வீட்டு வாசல் முழுக்க விழுந்து கிடந்தது, இன்னும் சுடாத வெயில், குளித்த பிள்ளையை நிறுத்தித் துவட்டலாம்போல இதமாக இருந்தது. மாமனார் நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, காலை முக்காலிமேல் நீட்டி, முகத்தை மட்டும் தென்னை வரிசைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவள் மணைக்கட்டையில் உட்கார்ந்து பாதத்தை மட்டும் பார்த்தாள். கல்யாணமாகி வந்து மூன்றாவது வருசம் நடக்கிறது, இந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் மீசை இருக்கும் என்றுதான் சொல்லத் தெரியும், பாதத்தைக் கேட்டால் வெடிப்பு வெடிப்பாகச் சொல்லுவாள். மாமனார் எதிரே வரக் கூசிக் கதவுக்குப் பின்னால் நின்றே பழகினவள், இப்போது அவர் காலைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள், நினைத்தால் இன்னமும் காது சூடாகிறது. அவரும் நேராகப் பேசமாட்டார். இந்த வீட்டு வழக்கம் அப்படி, மருமகளிடம் சொல்ல வேண்டியதைப் பேத்தியிடம் சொல்வது. பேத்தி பிறக்கும்வரை நாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பாப்பா, உங்கம்மா கண்ணுல வெயிலடிக்குது, மணையைச் சித்தெ தள்ளிப் போட்டுக்கச் சொல்லு" என்றார் இப்போதும். நடை பழகிக்கொண்டிருந்த மிதுனா நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, "தா" என்றது. துளசிமணி மணையைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"கறுப்பு போச்சா அம்முணி?" சுவர்த் திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் பாவாயியின் குரல் வந்தது. அங்கே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள், கட்டு அவிழ்க்கிற நேரத்தில் தினமும் அங்கேதான். "இன்னும் அவுக்கவே இல்லீங்கத்தே." "ஆடு உரிக்கறதைப் பக்கத்துல நின்னு பாப்பனாம், இந்த மனுசன் வெரலைப் பாக்கோணும்னா மட்டும் எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பாத்துச் சொல்லு சாமி, இருந்தா இருக்குதுன்னு சொல்லு, போச்சுன்னா போச்சுன்னு சொல்லு, நடுவால நிக்காதே." நடுவால நிக்காதே. அதைத்தான் எல்லோரும் அவளிடம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார், வாயைத் திறந்து சொல்லு இல்லாட்டி உக்காரு, அவள் இரண்டும் செய்யாமல் நின்றுகொண்டே இருந்து ஏழாம் வகுப்போடு வீட்டுக்கு வந்துவிட்டாள். புருசன் பூபதியும் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வாரம் தவறாமல் வந்து அதைத்தான் சொல்லுவான், சொன்னாத்தானே தெரியும் புள்ள, ஆனால் அவன் சொல்லும்போது சிரிப்பான், அது பரவாயில்லை. இன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரி. கறுப்பு அப்படியே இருந்தால் இந்தத் தடவை விரலை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய நாள் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. அதை நினைக்க வேண்டாம் என்று துணியைப் பார்த்தாள். துணி இன்னும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

அன்றைக்குக் கிணற்று மோட்டாரைக் கழற்றி மேலே தூக்கும்போது கயிறு நழுவாமல் இருந்திருக்கலாம். அல்லது இவர் செருப்போடு நின்றிருக்கலாம். அல்லது மோட்டார் ஒரு சாண் தள்ளி விழுந்திருக்கலாம், ஒரு சாண் என்ன, நாலு விரற்கடை. அவருக்குச் சர்க்கரை வேறு. நசுங்கின இடம் முதலில் நீலமாகி, அப்புறம் கறுத்து, விரலின் மேற்பக்கம் முழுக்கப் புளியங்கொட்டைத் தோல் மாதிரி கெட்டியாக ஒன்று படிந்துவிட்டது. குத்தினாலும் தெரியாது. டாக்டர் ஊசி முனையால் தொட்டுத் தொட்டு, தெரியுதுங்களா, இங்கே தெரியுதுங்களா என்று கேட்டபோது மாமனார் ஒவ்வொரு தடவையும் இல்லீங்க, இல்லீங்க என்றார், விடை தெரியாத பிள்ளை மாதிரி. செத்துப்போன சதை, அதுக்கு வலிக்காது, அது மூடிக்கிட்டு இருக்கறவரைக்கும் கீழே புதுசு வளராது என்றார் டாக்டர். பிறகு சின்ன பிளேடை எடுத்துக் கறுப்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக லேசாகக் கீறல் போட்டார், மருந்து உள்ளே இறங்குவதற்காக. துளசிமணி சுவரோரம் நின்றபடி அதைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. காயில் போடுகிற அதே கீறல். ஆழமாகப் போனால் காய் அழுகிவிடும், மேலாகப் போனால் பால் வராது, தோலை மட்டும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். டாக்டர் நன்றாகத்தான் போட்டார். அதற்குள் கண்ணாடி போட்ட சிஸ்டர் டியூபின் மூடியைத் திறக்க, வாசனை வந்தது. மற்றவர்களுக்கு அது மருந்து வாசனையாக இருந்திருக்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் பிறகுதான் சொன்னார், இது பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கிற மருந்து, செத்த சதையைக் கரைச்சு எடுத்துடும்.

பப்பாளிப் பால். கல்யாணத்துக்கு முன்னால், அம்மா ஊரில், பொழுது கிளம்புவதற்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். குச்சி முனையில் பிளேடைச் செருகி, பச்சைக்காயின்மேல் மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்தால் சட்டென்று வெள்ளையாகத் துளிர்த்து, ஓடி, மரத்தடியில் தலைகீழ்க் குடைமாதிரி கட்டிய விரிப்பில் சொட்டும். பார்க்க அழகாக இருக்கும். எருமைப் பாலைவிட வெள்ளை. பால் வடிந்த காய் வடு வடுவாகத் தொங்கும், அதையும் விடமாட்டார்கள், சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி, பேக்கரிக்கு டூட்டி ஃப்ரூட்டி பண்ணக் கொடுத்துவிடுவார்கள், மிதுனாவின் முதல் பிறந்தநாள் கேக்கில் அது இருந்தது, துளசிமணி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வைத்துவிட்டாள். பால் கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அரிக்கும். பிறகு தோல் வெளுத்து, நைந்து, வெங்காயச் சருகுபோல உரியும். ரேசன் கடையில் மெஷினில் பெருவிரலை வைத்தால் அது எடுக்காது, கடைக்காரர் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லி, கடைசியில், உன்ற கையில ரேகையே இல்லையே தாயி, நீ இருக்கறியா இல்லையா என்று சிரித்தார், வரிசையே சிரித்தது, அவளும் சிரித்தாள், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெருவிரலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாலை இந்த மனிதரின் காலில், அதுவும் அவள் கையால் போட வேண்டுமாம். பாவாயிக்கு அதெல்லாம் பயமில்லை. "அட, பப்பாளிப் பாலா? அதுக்கு எதுக்கு டியூபு? பொறத்தாண்ட மரத்துல காய் தொங்குது, கீறி நாலு சொட்டு உட்டாப் போச்சு. கறிக்கொழம்புல ஒரு துண்டு போட்டாலே கெடாக்கறி பஞ்சாயிருது" என்றாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ் என்றும் பார்க்காமல். பஞ்சாயிருது என்ற வார்த்தை அன்று முழுக்கத் துளசிமணியின் காதுக்குள் நின்றது. மரத்திலிருந்து நேராகப் போட்டுத் தொலைக்காதீங்க, நல்ல சதையும் வெந்துபோகும் என்று சிஸ்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், நல்லவேளை. ஆனால் டியூபில் இருக்கிறதும் அதே பாலின் பிள்ளைதானே. பாலுக்கு எப்படித் தெரியும், எது செத்தது, எது உசிரோடு இருக்கிறது என்று? அவள் விரல் உசிரோடுதானே இருந்தது?

துணி ஓரத்தில் லேசாக விட்டது. கையுறை விரல் முனையால் தூக்கிப் பார்த்தாள், இன்னும் நடுவில் பிடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லை. கோழி ஒன்று பேசின் பக்கம் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனது. மிதுனா நாற்காலியை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, விழுவதுபோல விழாமல் அதன் பின்னால் போனது. விழட்டும், மண்தான். அந்த எண்ணெய். அதை நினைக்காமல் இருக்கலாம் என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்தாள், வந்துவிட்டது. தோட்டத்தில் பாலுக்குப் போகும் பெண்கள் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், கை முழுக்க விளக்கெண்ணெயைத் தேய்த்துக்கொள்வது, முழங்கைவரை, நகக்கண் விடாமல், எண்ணெய் இருக்கிற இடத்தைப் பால் தின்னாது. இங்கேயும் அதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை, கை தானாகச் செய்தது. தினமும் புண்ணைக் கழுவி, துடைத்து, முதலில் விளக்கெண்ணெய், சுத்தியும் மேலேயும், கறுப்பு முழுக்க, கீறலுக்குள்ளும் இறங்கும்படியாக, அதற்கு மேலே மருந்து. மாமனாரின் காலைத் தன் கையைப் போலவே பார்த்துக்கொண்டாள், பத்திரமாக, ரொம்பப் பத்திரமாக. மருந்து எண்ணெய்மேல் மிதந்துகொண்டு கிடந்தது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. போன தடவை டாக்டர் பார்த்து முகத்தைச் சுளித்து விரலை எடுக்கிற பேச்சை எடுத்தார். சிஸ்டர் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படி வழவழங்குது? வேற ஏதாச்சும் போடறியா கண்ணு?" என்றார். துளசிமணி இல்லையென்று தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள்? வாய் திறக்கவில்லை, தலை ஆடிவிட்டது. சிஸ்டர் திட்டவில்லை, பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார், "மருந்து சதையைத் தொடோணும். நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. பயப்படவே வேண்டாம். உசுருள்ள சதை தன்னைத் தானே காப்பாத்திக்கும், அதுக்கு அந்தச் சக்தி உண்டு. செத்ததுதான் பேசாமக் கெடக்கும், மருந்து அதைத்தான் திங்கும். சுத்தி இருக்கற நல்ல தோலுக்கு மட்டும் லேசா வேசலின் தடவிக்க, போதும்."

செத்ததுதான் பேசாமக் கெடக்கும். அன்றிலிருந்து எண்ணெய்ச் சீசாவை அவள் தொடவில்லை, மருந்தைக் கறுப்பின்மேல் நேராக வைத்தாள், முதல் நாள் கடுகளவு, இரண்டாம் நாள் மிளகளவு. அன்றைக்குப் பார்த்து மாமனார் தென்னையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா, உங்கம்மா இப்பல்லாம் வெளக்கெண்ணெ வெக்கறதில்லையாட்ட இருக்குதுன்னு கேளு" என்றார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மிதுனா தா என்றுகூடச் சொல்லவில்லை, கையிலிருந்த முறுக்கைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எதை நினைத்துக் கேட்டார்? அதுவும் வைத்தியத்தில் சேர்த்தி என்று நினைத்தாரா, இல்லை சிஸ்டர் சொன்னது அவருக்கும் விளங்கிவிட்டதா, அவரும் அந்த அறையில்தானே படுத்திருந்தார். விளங்கியிருந்தால் ஏன் பேசாமலிருக்கிறார், பாவாயியிடம் சொல்லியிருந்தால் இந்நேரம் ஊரே கேட்டிருக்கும். இல்லை, விளங்கவில்லை. இல்லை, விளங்கிவிட்டது. பேசாமல் கிடப்பதெல்லாம் செத்ததா? அப்படியானால் இந்த வீட்டில் இரண்டு பேர், நாற்காலியில் ஒருவர், மணையில் ஒருத்தி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்திலா? வந்தது. வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது, கீரை வாசனை வந்தது, பாதம் அவள் கையில் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது, தூங்குகிற பிள்ளையின் தலையைப்போல. இந்தப் பாதத்தை இப்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த நேரம் அவளுக்குப் பிடித்திருக்கிறது, அதை யாரிடம் சொல்ல முடியும். அம்மா வீட்டில் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், அவர் கால் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. விரலை எடுத்துவிட்டால் செருப்பு நிற்காது என்றார் மாமனார், போன வாரம் யாரிடமோ போனில், விளையாட்டாகச் சொன்னார், செருப்பு எதுல நிக்கும், கயிறு போட்டுக் கட்டிக்க வேண்டியதுதான். வரப்பில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தித்தான் அவர் நடப்பார், மழை பெய்த மறுநாள் வரப்பில் அந்த விரல் மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கும். அந்தத் தடத்தை அழித்தவள் என்று தன்னை நினைத்துக்கொண்டு அவள் எத்தனை வருசம் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

துணி விட்டுவிட்டது. அவள் இழுக்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூச்சு மாதிரி தளர்ந்து கையோடு வந்தது. அதை மடித்து ஓரமாக வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. விரலையும் பார்க்கவில்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள், அது சரியாகத்தான் இருந்தது. "அவுத்தாச்சா அம்முணி?" "அவுத்தாச்சுங்கத்தே." "என்ன இருக்குது?" துளசிமணி பஞ்சுத் துணியை நனைத்தாள். நேற்று கீறல்களின் ஓரம் சற்றே மஞ்சளாக, இளகி, ஊறின புளியைப்போல இருந்தது, அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை, மாமியாரிடம் அப்படியேதான் இருக்குதுங்க என்று சொல்லிவைத்தாள். இன்றைக்குப் பார்த்தாள். நடுவிலிருந்த கறுப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, மூடியைப்போல. துணியால் ஓரத்தைத் தொட்டாள். அது நகர்ந்தது. இன்னொரு தடவை துடைத்தாள், மெதுவாக, நகத்தடியிலிருந்து மேல்நோக்கி, சிஸ்டர் காட்டிக்கொடுத்த மாதிரி, ஊறின புளியங்கொட்டைத் தோல் கழன்று வருவதுபோல அது வழுக்கித் துணியோடு வந்துவிட்டது. கீழே சிவப்பு. மாதுளை முத்தை நெருக்கி அடுக்கினதுபோலச் சிவப்பு. அவள் கை நின்றுவிட்டது. சிவப்பு நல்லதுதான், சிவப்பு வந்தால் சொல்லு என்று சிஸ்டர் சொன்னார். ஆனால் அவள் விரலும்தான் தோல் உரிந்தபோது சிவப்பாக இருந்தது. பால் செத்ததைத் தின்று முடித்துவிட்டு நிற்கிறதா, இல்லை முடித்துவிட்டு உசிரைத் தின்ன ஆரம்பித்துவிட்டதா? எண்ணெய் வைத்திருக்க வேண்டுமோ? வைக்காமல் இருந்ததும் தப்போ? பஞ்சாயிருது, பஞ்சாயிருது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துணியின் முனையால் அந்தச் சிவப்பை ஒரே ஒருமுறை ஒற்றினாள்.

கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. முக்காலி சாய்ந்து, பேசின் ஆடி, தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. "ஸ்ஸ்... பாப்பா, உங்கம்மாகிட்ட" என்று ஆரம்பித்தார் நாச்சிமுத்து. பாப்பா அங்கே இல்லை. தூரத்தில் கோழிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நாய் அவரைவிட்டு எப்போதோ நிழலுக்குப் போய்விட்டது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் குனிந்து அவளைப் பார்த்தார். அவர் நெற்றியில் இடப்பக்கம் ஒரு தழும்பு இருந்தது, அவள் அதை இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. "காந்துதும்மா" என்றார். "எங்கீங்க மாமா?" யார் கேட்டது என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. "இங்கயா? இங்கீங்களா?" துணி முனை தொட்ட இடமெல்லாம் அவர் பல்லைக் கடித்தார். "ஆமா. அங்கயுந்தான். ஆமாம்மா, ஆமா, மெதுவா!" டாக்டரின் ஊசிக்கு இல்லீங்க இல்லீங்க என்ற அதே வாய். செத்ததுதான் பேசாமக் கெடக்கும். இது பேசுகிறது. கத்துகிறது. துளசிமணி சுவர்ப்பக்கம் திரும்பி, அவ்வளவு சத்தம் தன் தொண்டைக்குள் இருந்தது என்பதே தெரியாமல் கூப்பிட்டாள். "அத்தே! மாமாவுக்கு வலிக்குதாமுங்க!"

முறத்தை அப்படியே போட்டுவிட்டுப் பாவாயி ஓடிவந்தாள், கண்ணை மூடிக்கொள்ள மறந்துபோய். "வலிக்குதா? அட, வலிக்குதுங்கறதை என்னமோ சீர் வந்தாப்பல சொல்லுது இந்தப் புள்ள! பல்லு வேற தெரியுது!" என்றவள் விரலைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்க... கறுப்பு எங்கீங்க?" "கோழி தூக்கிட்டுப் போச்சு" என்றார் நாச்சிமுத்து. "போறபோக்குல உன்ற கீரையையும் திங்கப் போகுது, போய்ப் பாரு." பாவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். துளசிமணி முக்காலியை நிமிர்த்தி, காலை எடுத்து வைத்து, சுற்றியிருந்த நல்ல தோலுக்கு மட்டும் வேசலினைத் தொட்டு வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அந்த வெளக்கெண்ணெ சமாச்சாரம், அதை நான் நாய்கிட்டகூடச் சொல்லலம்மா" என்றார். அவள் தலை நிமிரவில்லை. கண்ணில் நிறைந்துவிட்டது, துடைத்தால் கையுறை கண்ணில் பட்டுவிடும், அதனால் அது பாட்டுக்கு வழியட்டும் என்று விட்டுவிட்டாள். விளங்கித்தான் இருந்திருக்கிறது. விளங்கியும் தினமும் காலை நீட்டிக்கொடுத்திருக்கிறார். மத்தியானம் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும், எண்ணெய் போட்டேனுங்க என்று, சொன்னால் என்ன, சிரிப்பார், இல்லை திட்டுவார், திட்டட்டும், அதற்கென்ன வாய் இருக்கிறதல்லவா சொல்ல. டியூபை அழுத்தினாள். அந்த வாசனை வந்தது, இன்றைக்கு அவள் முகத்தைத் திருப்பவில்லை. விளிம்பில் இன்னும் கொஞ்சம் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது, மருந்தை அங்கே நேராக, தாராளமாக வைத்தாள். மாமனார் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் காந்துமுங்க மாமா. பொறுத்துக்கோங்க!" என்றாள் துளசிமணி. அவள் குரல் வாசலைத் தாண்டிப் போனது, தென்னை வரிசைவரை போனது. இது யாருடைய சத்தம் என்று மிதுனா கோழியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.